அப்பா அளந்த தண்ணீர்

1

போன மாசியில் நகரசபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஜேர்மனிக்கு வந்து இத்தனை வருடமாகியும் அரசாங்கக் கடிதத்தைக் கண்டால் எனக்கு முதலில் வருவது பயம்தான். வேலையால் வந்த சப்பாத்தைக் கழற்றாமலே நின்று வாசித்தேன். பழைய 'வேர்' ஒன்றை அகற்றப் போகிறார்கள், ஆற்றங்கரையில் குடியிருப்பவர்கள் தங்கள் கருத்தைத் தெரிவிக்கலாம் என்று இருந்தது.

எந்த மரத்தின் வேர் என்று யோசித்தேன். பிறகு, இது டொச், அதாவது ஜேர்மன் மொழி, என்பது உறைத்தது. அதில் அந்தச் சொல்லுக்குப் படை என்று ஒரு பொருள் எனக்குத் தெரியும். இந்தச் சின்ன ஊரில் எந்தப் படையை அகற்றப் போகிறார்கள்?

மகள் ஆரணி கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவளுக்குப் பதினேழு வயது. "அம்மா, நீ எல்லாத்தையும் ஆமி எண்டு நினைக்கிறாய். இது ஆத்துக்குக் குறுக்க இருக்கிற அணை. மில்லுக்குக் கட்டினது. மில் மூடி எத்தனையோ வருசம். மீன் மேல போக ஏலாமல் நிக்குதாம். அதுதான் உடைக்கப் போறாங்கள்."

அவள் என்னை 'நீ' என்றுதான் சொல்வாள். தகப்பனையும் 'நீ', கோயில் ஐயரையும் 'நீ'. டொச்சில் வீட்டு மனிதருக்கு ஒரே சொல்தான், அதைத் தமிழுக்குக் கொண்டுவருகிறாள். திருத்தித் திருத்தி நான்தான் களைத்துப்போனேன்.

நகர மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். ஆரணி பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போனாள். எழுபது எண்பது பேர் இருந்திருப்பார்கள். ஒரு முதியவர் எழுந்து, அந்த அணையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்காமல் தனக்கு நித்திரை வராது என்றார். ஒருவர் பலகையில் படம் போட்டு, அணையை எடுத்தால் வெள்ளம் எவ்வளவு குறையும் என்று காட்டினார். தலைவி என்னைப் பார்த்து, "நீங்களும் ஆற்றங்கரையில்தானே இருக்கிறீர்கள், ஏதாவது சொல்ல விருப்பமா?" என்று கேட்டார்.

எழுந்தேன். எடுத்துவிட வேண்டும் என்று சொன்னேன். ஆனால் அணை என்ற சொல்லுக்கு முன்னால் போடவேண்டிய சின்னச் சொல்லை மாற்றிப் போட்டுவிட்டேன். இந்த ஊரில் அப்படிச் சொன்னால் தீயணைப்புப் படை என்று அர்த்தமாம். முன் வரிசையில் இருந்த தீயணைப்புக்காரர் திரும்பி, "அம்மணி, எங்களையா எடுக்கச் சொல்கிறீர்கள்?" என்றார். மண்டபமே சிரித்தது. கெட்ட சிரிப்பல்ல. ஆனால் நான் மிச்சத்தைச் சொல்லாமல் கதிரையில் இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது ஆரணி கேட்டாள். "நீ ஏன் எப்பவும் உடனே இருந்திடுறாய்? அவங்கள் உன்னைக் கேட்டவங்கள். நீ இன்னும் சொல்லியிருக்கலாம்."

கருத்துச் சொன்னதற்காக ஒருவருக்கு என்ன நடக்கலாம் என்று அவளுக்குத் தெரியாது. அன்று அவளுக்கு நான் சொல்லவும் இல்லை. ஊரில் இருந்து இதை வாசிக்கும் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

தொண்ணூறுகளில் நாங்கள் வெள்ளவத்தையில் இருந்தோம். காலி வீதியிலிருந்து இறங்கிக் கால்வாயில் முட்டி நிற்கும் ஒழுங்கையின் கடைசி வீடு. கீழ்த்தட்டு எங்களுக்கு. அப்பா நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். வேலை நாட்களில் அனுராதபுரம், அம்பாறை என்று குளக்கரைகளில் கூடாரம் போட்டு வாழ்ந்தவர், சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஓய்வுக்குப் பிறகு யாழ்ப்பாணம் போய் இருக்கலாம் என்றுதான் நினைத்திருந்தார். சண்டையால் பாதை பூட்டிவிட்டது. கொழும்பில் தங்கும் தமிழர் எடுக்கவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டை மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டு கொழும்பிலேயே தங்கிவிட்டோம். நான் ஒரு கப்பல் கம்பனியில் தட்டச்சு செய்தேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடியது பெரிய கால்வாயின் ஒரு கிளை. அதற்குக் குறுக்கே இரண்டு செங்கல் தூண்களும் நடுவில் ஒரு இரும்புக் கதவும் நின்றன. கடலின் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறி வயலைக் கெடுக்காமல் இருக்க யாரோ எந்தக் காலத்திலோ கட்டியது. வயல் இருந்த இடத்தில் இப்போது மாடி வீடுகள். கதவைத் தூக்கும் சக்கரம் துருப்பிடித்து இறுகிவிட்டது. கதவு முக்கால்வாசி இறங்கியபடியே நின்றது. அதில் சல்வினியா நீர்ப்பூண்டும் குரும்பைக் கோதும் பொலித்தீன் பையும் வந்து அடைந்து, ஒரு மழை பெய்தால் தண்ணீர் எங்கள் பக்கம் எழும்பும். சமையலறைக்குள் வரும். அம்மா அரிசி வாளியைக் கட்டிலில் தூக்கி வைப்பா.

அப்பா என்னை ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். "இஞ்ச பார் பிள்ளை. கதவுக்கு அந்தப் பக்கம் முழங்காலுக்குக் கீழதான் தண்ணி. இந்தப் பக்கம் இடுப்பளவு. கடல் கூப்பிடு தூரத்தில இருக்கு. இந்தக் கதவு இப்ப ஆருக்கும் தேவையில்லை. எடுத்து விட்டால் தண்ணி தன்ர பாட்டில போயிடும்."

எங்களைவிடக் கஷ்டப்பட்டவர் சோமபால. மாநகரத் தொழிலாளி, தெருவோரக் கழிவுநீர்க் கான் துப்புரவாக்கும் வேலை. கால்வாய்க் கரையிலேயே பலகை வீடு போட்டு மனைவியோடு இருந்தார். சிங்களம் மட்டும்தான் பேசுவார். பின்னேரங்களில் அப்பாவும் அவரும் அந்தத் தூணில் குந்தியிருந்து கதைப்பார்கள். தான் சின்ன வயதில் இந்தக் கதவைத் தூக்கி இறக்குவதைக் கண்டிருப்பதாகவும், தூக்கும் நாட்களில் கடலிலிருந்து கொடுவா மீன் உள்ளே ஏறி வரும், கையால் பிடிக்கலாம் என்றும் சோமபால சொல்லுவாராம். சிங்களத்தில் ஐயா என்பதுபோல அப்பாவை மாத்தயா என்றுதான் கூப்பிடுவார். "மாத்தயா, இப்போது இந்தப் பக்கம் வளர்வது நுளம்பு மட்டும்தான்."

3

அப்பா மனு எழுதினார். நான்தான் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தேன். கரித்தாள் வைத்து மூன்று பிரதி. முதல் கந்தோரில், கதவு தங்களுடையதல்ல, தண்ணீர்தான் தங்களுடையது என்றார்கள். இரண்டாவது கந்தோரில், கரை தங்களுடையது, கதவு பற்றித் தெரியாது என்றார்கள். மூன்றாவது கந்தோரில் ஒரு மூக்குக்கண்ணாடிக்காரர் இருந்தார். அவர் மட்டும் மனுவை முழுவதும் வாசித்தார். வாசித்துவிட்டு, "உங்களுக்கு இது பழக்கமான வேலைபோல இருக்கிறதே. அப்படியென்றால் அளவுகளையும் தாருங்கள். மழைக்கு முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று. ஒரு படமும் வேண்டும். அது இருந்தால் மேலே அனுப்பலாம்" என்றார்.

அன்று அப்பா வீட்டுக்கு வந்த விதம் எனக்கு இன்றும் தெரியும். படியிலேயே அம்மாவைக் கூப்பிட்டார்.

"கேட்டீரே, அளவு கேக்கிறாங்கள். படமும் கேக்கிறாங்கள்."

"இஞ்சாருங்கோ, இந்த நேரத்தில கால்வாயடியில நிண்டு அளந்துகொண்டு..." என்று அம்மா தொடங்கினா. "வீட்டுக்காரன் பாக்கட்டுமே. எங்களுக்கு ஏன்?"

"வீட்டுக்காரனுக்கு அளக்கத் தெரியுமோ?"

தூண்களில் வெள்ளை வண்ணத்தால் அங்குலக் கோடு போட்டார். காலையும் மாலையும் போய்ப் பார்த்துக் கொப்பியில் எழுதினார். சோமபால நாடாவின் மறுமுனையைப் பிடித்தார். படம் கீறத் தொடங்கியபோது அப்பாவால் கதவோடு நிறுத்த முடியவில்லை. அவர் பழகிய முறை அது. கிளை எங்கே பெரிய கால்வாயில் சேர்கிறது, காலி வீதிப் பாலம் எவ்வளவு உயரம், ரயில் பாலத்தின் தூண்கள் எத்தனை, அங்கிருந்து கடல் எவ்வளவு தூரம், எல்லாவற்றையும் அளந்து கீறினார். மூலையில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி. தலைப்பை மூன்று மொழியிலும் எழுதினார்.

அந்தப் படத்தை நான் பாராட்டினேன். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம்போல இருக்கிறது என்று சொன்னேன்.

4

இங்கே நான் முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். விடிய ஆறு மணி பஸ், மத்தியானம் இரண்டு மணிக்குத் திரும்பும் பஸ். சித்திரையில் ஒருநாள் திரும்பி வரும்போது, ஆற்றுக்கு நடுவில், அந்த அணைக்குக் கிட்ட, ஒரு பெண் இடுப்பளவு தண்ணீரில் நிற்பதைக் கண்டேன். இறப்பர்க் காற்சட்டை, மஞ்சள் மேற்சட்டை, கையில் அளவுகோல். கோலை ஊன்றுவதும் கொப்பியில் எழுதுவதுமாக இருந்தாள். ஆரணியைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும்.

பாலத்தில் ஒரு பொலிஸ் வாகனம் வந்து மெதுவானது. பஸ்ஸின் கண்ணாடியில் கையை வைத்துவிட்டேன். வாகனத்தை ஓட்டியவர் கண்ணாடியை இறக்கினார், அவளுக்குக் கை காட்டினார், போய்விட்டார். அவளும் கோலைத் தூக்கிக் காட்டினாள்.

என் தரிப்பிடம் போய்விட்டது. இரண்டு தரிப்புத் தாண்டி இறங்கி நடந்து வந்தேன். கருத்துப் படிவம் சமையலறை மேசையில் வெறுமையாகக் கிடந்தது. அன்றிரவே ஆரணி என் பெயரில் அதை நிரப்பி, "சம்மதம்" என்ற பெட்டியில் கோடு போட்டு, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள். எனக்கும் சேர்த்து முடிவெடுக்க அவள் பழகிவிட்டாள். மருத்துவரிடம் எனக்கு நோகும் இடத்தைச் சொல்வதும் அவள்தான்.

5

அப்பாவைப் பிடித்த வாரத்துக்கு முந்தின வாரம் நகரத்தில் ஒரு குண்டு வெடித்திருந்தது. எங்கும் சோதனை. அம்மா அப்பாவைப் போக வேண்டாம் என்றா. "இன்னும் நாலே நாலு அளவுதான், முடிஞ்சிடும்" என்று போனாராம். காலை ஒன்பது மணி. சோமபால வேலைக்கு வரவு பதிய முந்தியே போய்விட்டார். அப்பா தனியே நின்றபோது ரோந்து போன இராணுவம் கண்டது. நாடா, முடிச்சுப் போட்ட கயிறு, கொப்பி, மடித்த படம், எல்லாவற்றோடும் கொண்டுபோய்ப் பொலிசில் கொடுத்தார்கள்.

நான் கந்தோரிலிருந்து வீட்டுக்கு ஓடிவந்து, அங்கிருந்து பொலிசுக்குப் போனேன். அடையாள அட்டை, பதிவுத் துண்டு, வீட்டுக்காரரின் கடிதம், மனுக்களின் கரிப்பிரதி எல்லாம் கொண்டுபோனேன். ஒரு அதிகாரி கதிரை தந்தார். கத்தவில்லை. படத்தை மேசையில் விரித்துக் கையால் நீவிவிட்டார்.

"உன் அப்பா நன்றாகக் கீறுகிறார்" என்றார் சிங்களத்தில். "இந்தப் பாலங்களுக்கு எங்களிடம்கூட இவ்வளவு நல்ல படம் இல்லை."

"சேர், அது கதவுக்காகக் கீறினது. வெள்ளம் வருகிறது. கந்தோரில் கேட்டார்கள்."

"கதவுக்கு ரயில் பாலத்தின் தூண் எதற்கு?"

அவர் பழக்கத்தில் கீறிவிட்டார் என்றேன். எனக்கே அது நம்பும்படியாக இல்லை.

கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தார். "இந்த அகலத்தை ஒருவர் தனியே அளக்க முடியாது. நாடாவின் மற்ற முனையைப் பிடித்தது யார்?"

என் மனதில் ஓடியது இதுதான். ஒரு சிங்கள மனிதர், அதுவும் மாநகரத் தொழிலாளி, வந்து, ஓம், நாங்கள் இரண்டு பேரும்தான் அளந்தோம், வெள்ளத்துக்காகத்தான் அளந்தோம் என்று சொன்னால் நம்புவார்கள். அப்பாவை அனுப்பிவிடுவார்கள்.

"சோமபால" என்றேன். வீடு எங்கே என்றும் சொன்னேன்.

அவரையும் கொண்டுபோனார்கள். தமிழனுக்குப் படம் கீற உதவி செய்தவனாம். மூன்று நாள் வைத்திருந்தார்கள். நான்காம் நாள் எங்கள் வீட்டைக் கடந்து போனார். ஒரு பக்கக் காது வீங்கியிருந்தது. அம்மா ஓடிப்போய்த் தேத்தண்ணியை நீட்டினா. அவர் வாங்கவில்லை. அம்மாவைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

"துவே" என்றார். மகளே என்று அர்த்தம், எப்போதும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "துவே, தெரியாது என்று சொல்லியிருக்கலாமே."

6

மூக்குக்கண்ணாடிக்காரரிடம் போனேன். அளவு கேட்டது தான்தான் என்று ஒரு வரி எழுதித் தந்தால் போதும் என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு நாளைக்கு நூறு பேர் வருகிறார்கள். எனக்கு ஞாபகமில்லை. எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?"

எழுத்தில் எதுவும் இல்லை. வாயால் கேட்டது. நான் திரும்பி வாசலுக்கு வந்தபோது அவர் பின்னால் எழுந்து வந்து, மிக மெதுவாக, "எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், மிஸ்" என்றார். அவரை நான் இன்றுவரை முழுதாகக் கோபிக்க முடியாமல் இருப்பது அந்த ஒரு வசனத்தால்தான்.

கொழும்பின் நீதிமன்றப் பகுதியான புதுக்கடையில் பாரூக் என்ற சட்டத்தரணியைப் பிடித்தோம். எங்கள் ஒழுங்கை முகப்பில் துணிக்கடை வைத்திருந்தவருக்குச் சொந்தம். நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் வைத்துத்தான் எங்கள் கடதாசிகளை வாசித்தார்.

"அழ வாணாம் மகள். ஒங்கட வாப்பாக்கு மேல கேஸ் ஒண்டும் இல்ல."

"அப்ப விட்டிடுவினமோ?"

"அதுதான் மகள் கஷ்டம். கேஸ் இரிந்தா நான் எழும்பி வாதாடுவன். இல்லாத கேசுக்கு எங்க போய் வாதாட?"

ஐந்து மாதம் அப்பாவை உள்ளே வைத்திருந்தார்கள். அம்மாவும் நானும் மாறி மாறிப் போய் வரிசையில் நின்றோம். சில நாள் காட்டினார்கள், சில நாள் காட்டவில்லை. காட்டிய ஒருநாள் அப்பா கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டது, "ஐப்பசி மழைக்கு எவ்வளவு வந்தது?" என்றுதான். வெள்ளம் வரவில்லை என்று பொய் சொன்னேன்.

வந்தது. முன்பு வராத அளவுக்கு வந்தது. ஏனென்றால் அப்பாவைப் பிடித்த பிறகு அந்தக் கதவு முக்கியமான இடமாகிவிட்டது. ஒரு தமிழன் இவ்வளவு கவனமாக அளந்த இடத்தில் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று நினைத்தார்கள்போல. தூண்களுக்கு மேலே மண்மூட்டை அடுக்கி இராணுவக் காவலுக்குச் சென்றி போட்டார்கள். தண்ணீருக்குள் முட்கம்பிச் சுருளை இறக்கினார்கள். குப்பை அதிலும் வந்து சிக்கியது. யாரும் கிட்டப் போய் இழுத்து எடுக்க முடியாது. இரண்டு நாள் மழையில் கரையில் நின்ற பலகை வீடுகள் சரிந்தன. சோமபாலவின் வீடும் போனது. அவர்களைக் களனி ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் இருத்தினார்கள் என்று பிறகு அறிந்தோம்.

ஒரு புதன்கிழமை அப்பாவை விட்டார்கள். கடதாசி எதுவும் கொடுக்கவில்லை. கொப்பியும் படமும் திரும்பி வரவில்லை. வீட்டுக்கு வந்தவர் பின்கதவைத் திறந்து சென்றியைப் பார்த்தார். முழங்கால் மடித்துப் படியில் இருந்தார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டும் எழும்பவில்லை.

7

சோமபாலவைப் பார்க்கவேண்டும் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். நகரத்து மீன் சந்தையில் பெட்டி கழுவுகிறார் என்று விசாரித்து அறிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானும் அப்பாவும் போனோம். போகும் வழியில் மூன்று இடத்தில் இறக்கிச் சோதித்தார்கள்.

சோமபால வெறுங்காலோடு, அரைக் காற்சட்டையோடு, மீன் செதில் ஒட்டிய கையோடு நின்றார். அப்பாவைக் கண்டதும் குழாயைப் பூட்டினார். இரண்டு பேருமே மெலிந்து கிழவர்களாகிவிட்டிருந்தார்கள்.

"சோமபால, வீடு போய்விட்டது என்று கேள்விப்பட்டேன்" என்றார் அப்பா.

"ஓம் மாத்தயா. வேலையும் போய்விட்டது. மூன்று நாள் வரவு இல்லையே, காரணம் எழுதித் தரச் சொன்னார்கள். என்ன காரணம் எழுத?"

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கோபமாக அல்ல.

"மாத்தயாவிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்" என்றார். "நாங்கள் இரண்டு பேரும் எத்தனை பின்னேரம் அந்தத் தூணில் இருந்தோம்? என்னிடம் அலவாங்கு இருந்தது. பெரிய சுத்தியலும் இருந்தது. கீல் இரண்டும் கறள் தின்று நின்றது. ஒரு மத்தியானம் இரண்டு பேருமாகச் சேர்ந்து தட்டியிருந்தால் கதவு தண்ணீரோடு போயிருக்கும். ஒருவரும் வந்து ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். மாத்தயா ஏன் மனு எழுதினீர்கள்?"

அப்பா நாற்பது வருடம் அரசாங்கத்துக்குப் படம் கீறியவர். யாரோ சோமபாலவைக் கூப்பிட்டார்கள். அவர் ஒரு பையில் நான்கு கும்பளா மீனைப் போட்டு என்னிடம் தந்துவிட்டுப் போய்விட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மீன் பையை அப்பா வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வெள்ளவத்தைச் சந்தியில் இறங்கியபோது, "அவன் சொல்லுறது சரிதான்" என்றார்.

8

அடுத்த வருடம் அப்பாவும் அம்மாவும் என்னை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். அவர்களையும் வரச் சொல்லிக் கெஞ்சினேன். "நான் போனால், செய்துபோட்டு ஓடிட்டான் எண்டுதான் நினைப்பாங்கள்" என்று அப்பா மறுத்துவிட்டார்.

நான் இந்த நாட்டில் அகதி முகாமொன்றில் இருந்தேன். மாதத்தில் ஒருமுறை தொலைபேசியில் கதைப்பேன். ஒரு கார்த்திகையில் எடுத்தபோது பின்னால் மழைச் சத்தம். கதிரை இழுபடும் சத்தம்.

"அப்பா, என்ன அங்க?"

"ஒண்டுமில்லை பிள்ளை. தண்ணி உள்ள வந்திட்டுது. அம்மா சாமான் தூக்கிறா. நான் பின்பக்கக் கானைக் குத்தி விட்டிட்டு வாறன், நீ பிறகு எடு."

"நீங்கள் இறங்க வேண்டாம் அப்பா."

"ஆர் பிறகு இறங்கிறது?" என்று வைத்துவிட்டார்.

பத்து நாளில் காய்ச்சல். பனடோல் போட்டுக்கொண்டு இரண்டு நாள் வீட்டில் கிடந்தார். கண் மஞ்சளானபோதுதான் அம்மா பயந்து பொரளையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா. எலிக்காய்ச்சல் என்றார்கள். வெள்ளத் தண்ணீரில் நின்றவரா என்று மருத்துவர் கேட்டாராம்.

நான் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே இருந்த பெண் மிகவும் அன்பானவள். எனக்குத் தண்ணீர் ஊற்றித் தந்தாள். மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் பிடித்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னது இவ்வளவுதான். "நீங்கள் போகலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் உங்கள் விண்ணப்பம் அத்தோடு முடிந்தது. திரும்பி வர முடியாது. அங்கே உங்களுக்கு ஆபத்து என்று எழுதியிருக்கிறீர்கள், அங்கேயே போகிறீர்கள் என்றால் அதற்கு என்ன பொருள் என்று கேட்பார்கள்."

நான் போகவில்லை. போயிருக்கலாம் என்று சில நாள் நினைக்கிறேன். போயிருந்தாலும் சவப்பெட்டியைத்தான் கண்டிருப்பேன் என்றும் நினைக்கிறேன். அப்பா ஒரு வெள்ளிக்கிழமை போனார். பொரளை மயானத்தில் எரித்தார்கள். செய்தி வந்த நாள் முகாமின் சமையலறையைக் கழுவும் முறை எனக்கு. கழுவினேன்.

சோமபாலவுக்குச் சொல்லி அனுப்ப அம்மா முயன்றாவாம். அந்த முகவரியில் அவர் இல்லையாம்.

9

போன மாதம் இந்த ஊர் அணையை உடைத்தார்கள். மூன்று நாள் வேலை. மக்கள் கரையில் கம்பளம் விரித்து, கேக் கொண்டுவந்து, பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தார்கள். சத்தம் கேட்காமல் நித்திரை வராது என்ற முதியவரும் மடிப்புக் கதிரையோடு வந்திருந்தார். கடைசிக் கல் அகன்றபோது தண்ணீர் முதலில் மண்ணிறமாகச் சுழன்றது. கொஞ்ச நேரத்தில் தெளிந்து, ஒரே மட்டமாகப் போகத் தொடங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ஆரணி கைபேசியில் பிடித்துக்கொண்டு நின்றவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "அம்மா, எல்லாரும் நிப்பாட்டியாச்சு, நீ ஏன் இன்னும் தட்டுறாய்?" என்றாள்.

அன்றுதான் அவளுக்குச் சொன்னேன். பாதி தமிழ், பாதி டொச். அப்பாவின் படத்தை எப்படிச் சொல்வது, சென்றியை எப்படிச் சொல்வது, எனக்குச் சொற்கள் போதவில்லை. அவள் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "அந்தக் கதவு இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் நான் அதை யாரிடமும் கேட்கவில்லை.

என் மச்சாள் வசந்தி இப்போது வெள்ளவத்தையில் இருக்கிறாள். அடுத்த சனிக்கிழமை அவளைக் கைபேசியோடு ஒழுங்கைக்குள் நடக்கச் சொன்னேன். எங்கள் வீடு இல்லை. எட்டு மாடிக் கட்டடம் நிற்கிறது. அதன் பின்னால் கால்வாய். இரண்டு பக்கமும் சீமெந்துக் கரை, கரையோரம் நடைபாதை. தண்ணீர் அழகாக ஓடுகிறது. கதவும் இல்லை, தூணும் இல்லை, தூண் நின்ற தடமும் இல்லை.

"இதில ஒரு கதவு இருந்ததெல்லோ" என்று வசந்தி அங்கிருந்த சின்னக் கடைக்காரரிடம் கேட்பது எனக்குக் கேட்டது. அவர் சிங்களவர், ஆனால் தமிழ் பேசினார்.

"எந்தக் கதவு? ஆ, பழைய இரும்புக் கதவு. அது எப்பவோ எடுத்தாச்சு அக்கா. சண்டை முடிஞ்ச பிறகு. காலையில ஒரு பெக்கோ மெசின் வந்தது. மத்தியானம் எல்லாம் அள்ளிக்கொண்டு போயிட்டது."

"ஆர் எடுத்தது? ஆரும் கடிதம் கிடிதம் குடுத்தவையோ?"

"தெரியாதே. கடிதம் எதுக்கு? சும்மா கிடந்த கதவுதானே." பிறகு அவர் ஏதோ கேட்டார், எனக்கு விளங்கவில்லை.

வசந்தி கைபேசியைத் தன் முகத்துக்குத் திருப்பினாள். "அந்தக் கதவைப் பற்றி ஏன் கேக்கிறியள் எண்டு கேக்கிறார். என்னடி சொல்ல?"

எனக்குப் பக்கத்தில் ஆரணி இருந்தாள்.

"சும்மா கேட்டதெண்டு சொல்லு" என்றேன்.